காற்றை உள்ளே விட்ட கன்னையன்

ஏலத்தோட்டக்காரன் வாயிலிருந்து காற்றைப் பற்றி நல்லவிதமாக ஒரு வார்த்தை வாங்கிவிட முடியாது. மழையைத் திட்டுவான், பிறகு அதையே கும்பிடுவான். வெயிலுக்கும் அப்படித்தான். காற்றை மட்டும் திட்டுவதோடு சரி. ஆடியில் மேல்காற்று கிளம்பிவிட்டால் ஏலச்செடியின் தண்டான தட்டை மளமளவென்று முறியும், பிஞ்சு உதிரும், மண்ணில் ஈரம் நிற்காது. அதனால் மலையில் தோட்டம் போட்டவன் எவனாக இருந்தாலும், மேற்கே மரம் நட்டுக் காற்றை அடைப்பதுதான் முதல் சோலி. கன்னையனும் அதைத்தான் செய்தார். கொஞ்சம் அதிகமாகவே நன்றாகச் செய்தார். அவர் காற்றாடி கட்டிப் பட்ட பாடெல்லாம் அந்த நல்ல வேலையால் வந்ததுதான்.

அவருடைய தோட்டம் போடிமெட்டுக்குச் சற்றுக் கீழே, ஜீப்பு ரோட்டிலிருந்து இறங்கி நடக்கிற தூரத்தில் இருக்கிறது. இரண்டு பாறை முகடுகளுக்கு நடுவே ஒரு பள்ளம். அதில் சின்னதாக ஒரு ஏலத்தோட்டம், ஓட்டு வீடு ஒன்று. மேற்கே முகடுகளுக்கு இடையில் இருந்த திறப்பை முருக்கு மரங்களை வரிசையாக நட்டு மூடியிருந்தார். கிழக்கே சரிவு திறந்து கிடக்கும். பொழுது சாய்ந்ததும் முற்றத்தில் வந்து நின்றால் கீழே போடி ஊர் முழுக்க விளக்கு எரிவது தெரியும். அதில் ஒரு விளக்கு அவர் மனைவி வீரலட்சுமி வீட்டு விளக்கு. எது என்றுதான் அவருக்குத் தெரியாது.

மனைவி கீழே, புருஷன் மேலே என்றால் சண்டை என்று நினைத்துவிட வேண்டாம். போடியில் இது வழக்கம். பிள்ளைக்குப் பள்ளிக்கூட வயது வந்துவிட்டால் தாயும் பிள்ளையும் ஊருக்குள் ஒரு வாடகை வீட்டில், தகப்பன் மலையில். வாரத்துக்கு ஒரு தரம் அவன் இறங்கி வருவான், சாமான் வாங்குவான், வீட்டில் சாப்பிடுவான், கடைசி ஜீப்பைப் பிடித்துப் போய்விடுவான். பாதித் தெரு அப்படித்தான் இருக்கிறது. அதனால் எந்த வீட்டில் இது பள்ளிக்கூடத்துக்காக, எந்த வீட்டில் வேறு எதற்காக என்று யாரும் கேட்பதில்லை. கன்னையனும் கேட்டுக்கொண்டதில்லை.

மீசை அரும்புமுன் மலையேறியவர் அவர். ஒரு எஸ்டேட்டு ஸ்டோரில் வேலை. ஸ்டோர் என்றால் கடை அல்ல, பச்சைக் காயை அடுப்புச் சூட்டில் உலர்த்துகிற கட்டடம். சூடு ஏறினால் காய் வெடித்துவிடும், இறங்கினால் நிறம் போய்விடும். ஆள் ஒருவர் அடுப்பை விட்டு நகராமல் கிடக்க வேண்டும். கன்னையன் தன் இளவயது முழுவதும் அந்த அடுப்போடு கிடந்தார். அடுப்புக்கு விறகு போட்டால் போதும், பேச்சு வேண்டாம். வயசுப்பிள்ளைகள் ஊரில் எகத்தாளம் பேசித் திரிகிற காலத்தில் இவருக்குப் பேச்சு என்பது காயைப் போலவே உலர்ந்து சுருங்கிவிட்டது. கையில் சேர்ந்ததை வைத்து இந்தச் சின்ன இடத்தை வாங்கி, பொட்டிபுரம் பக்கத்துப் பெண்ணான வீரலட்சுமியைக் கட்டிக்கொண்டு வந்தபோது, மலையிலேயே பேச்சுக் குறைந்த ஆள் என்று அவருக்குப் பேர் இருந்தது. நல்ல மனுஷன் என்றும் பேர் இருந்தது. இரண்டும் உண்மை.

மகள் சுஜிதா பிறந்தாள், நடந்தாள், பள்ளிக்கூடம் என்று அம்மாவோடு கீழே போனாள். வீரலட்சுமி ஒரு வியாபாரியின் குடோனில் காய் பொறுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, முறத்தில் காயைக் கொட்டி, பெரிசு, சிறிசு, வெடிச்சது என்று பிரித்துப் போடுவார்கள். கை ஒரு வேலை பார்க்க, வாய் அதைவிடப் பெரிய வேலை பார்க்கும். அங்கே பேசாத விஷயம் கிடையாது. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது வீரலட்சுமிக்குத் தொண்டை கட்டியிருக்கும், முகம் தெளிந்திருக்கும்.

சுஜிதா படித்து முடித்தாள். அவளைப் பல்லடத்துப் பக்கம் கட்டிக்கொடுத்தாயிற்று. இனி வாடகை வீடு எதற்கு? கன்னையன் காத்திருந்தார். இந்த வாரம் சொல்வாள், அடுத்த வாரம் சொல்வாள் என்று இருந்தார். அவள் சொல்லவில்லை. ஒருநாள் சாப்பிட்டு எழுந்தவர், செம்பை வைத்துவிட்டு, தானே கேட்டார்.

"இனி என்ன, மேல வந்துரலாம்ல?"

வீரலட்சுமி தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"அங்க கரண்டு இல்லையே" என்றாள்.

கன்னையன் தலையை ஆட்டினார். அவ்வளவுதான் பேச்சுவார்த்தை. வேறொருவராக இருந்தால் நாலு வார்த்தை கூடக் கேட்டிருப்பார். இவர் அதைக் கடையில் வாங்கி வரச் சொன்ன சாமான் மாதிரி எடுத்துக்கொண்டு ஜீப்பு ஏறினார். கரண்டுதானே வேண்டும், கொண்டுவந்துவிட்டால் முடிந்தது. வழியெல்லாம் அவருக்கு மனசு லேசாக இருந்தது. இத்தனை நாளும் அவள் வராததற்குக் காரணம் தெரியாமல் இருந்தது. இப்போது தெரிந்துவிட்டது, அதுவும் கையால் செய்து முடிக்கக்கூடிய காரணம்.

அந்தப் பள்ளத்துக்குக் கம்பம் நட்டு வயர் இழுக்க வழியில்லை, நடுவில் காடு. சோலாரும் ஆகாது. வருஷத்தில் பாதி மஞ்சு மூடிக் கிடக்கிற இடம், மீதிக்கு மரநிழல். முன்பே ஒரு சோலார் விளக்கு வாங்கி வைத்துப் பார்த்தார், தன் முகத்தைத் தானே பார்க்கக்கூட அதற்கு வெளிச்சம் போதவில்லை. சுஜிதாவின் கல்யாண வேலையாக ஆண்டிபட்டி வழியே பஸ்ஸில் போனபோது பார்த்த, கரண்டு எடுக்கிற பெரிய காற்றாடிகள் அப்போது நினைவுக்கு வந்தன. அடுத்த வாரம் போடிக்கு இறங்கியதும் நேரே யூனுஸ் கடைக்குப் போனார்.

யூனுஸ் மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் கட்டுகிறவர். இப்போது பேட்டரி வண்டிகளையும் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். கன்னையனுக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, பேச்சில் மட்டும் பத்து மடங்கு. விஷயத்தைக் கேட்டதும் சிரிக்கவில்லை. மூலையில் கிடந்த ஒரு பேட்டரி ஸ்கூட்டரின் பின்சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தார்.

"மாப்ளே, இதுக்குள்ளயே மோட்டார் இருக்கு. கரண்டு குடுத்தா சக்கரம் சுத்தும். அதையே திருப்பிப் போடு. நீ சுத்துனா அது கரண்டு குடுக்கும்."

சக்கரத்திலிருந்து வந்த வயர்களில் ஒரு குண்டு பல்பை மாட்டிவிட்டு, கையால் ஓங்கி ஒரு சுற்று சுற்றினார். பல்பு மினுக்கென்று எரிந்து, சக்கரம் ஓய்ந்ததும் அணைந்தது. கன்னையன் தானும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு இன்னொரு முறை. கடைக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்க்கும் அளவுக்கு, அந்த மனுஷன் சிரித்துக்கொண்டே சுற்றினார்.

மலையில் அவர் செய்த வேலைக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. தண்ணீர் பாய்ச்சுகிற பிளாஸ்டிக் பைப்பை நெடுக்காக அறுத்து, சீவி, மூன்று இறக்கைகள். முதல் தடவை ஒரு இறக்கையை மட்டும் மாற்றி அறுத்துவிட்டார். இரண்டு இறக்கை ஒரு பக்கம் இழுக்க, மூன்றாவது எனக்கென்ன என்று எதிர்ப்பக்கம் இழுத்தது. திரும்ப அறுத்தார். பின்னால் வாலுக்கு ஒரு பழைய தகர போர்டு. நிற்க வைக்க இரும்புக் குழாய், நான்கு பக்கமும் இழுத்துக் கட்டக் கம்பி. கரண்டைப் பிடித்து பேட்டரிக்குள் அனுப்புகிற பெட்டியை யூனுஸ் செய்து தந்தார். பேட்டரியை ஜெகதீஷ் ஜீப்பில் ஏற்றிக் கொண்டுவந்தான். தோட்ட வேலையாட்களை ஏற்றி இறக்குகிற வண்டி அவனுடையது.

"சித்தப்பு, இது எதுக்கு? காக்கா வெரட்டவா?"

"லைட்டுக்கு."

"யாருக்கு லைட்டு? நீங்கதான் பொழுது சாஞ்சா படுத்துருவீகளே."

கன்னையன் பேட்டரியின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினார். இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் வீரலட்சுமி பெயரைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல அவருக்குக் கூச்சம்.

வீட்டு முற்றத்திலேயே கம்பத்தை நிறுத்தினார். வயர் குறையும், கண் பார்வையிலும் இருக்கும். ஆடிக்குக் காத்திருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஆடிக்குக் காத்திருந்தார்.

ஆடி வந்தது. போடியில் கடை போர்டெல்லாம் ஆடுகிறது என்றான் ஜெகதீஷ். மெட்டு வளைவில் ஜீப்புத் தார்ப்பாய் கிழிந்துவிட்டது என்றான். கன்னையன் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். காற்றாடி வேண்டாவெறுப்பாக ஒரு கால் சுற்றுச் சுற்றிவிட்டு நின்றது. எண்ணெய் விட்டார். சக்கரம் கனமோ என்று கழற்றி மாட்டினார். வாலைப் பெரிதாக்கினார். யூனுஸை வரவழைக்கலாமா என்று யோசித்தார். ஒரு நாள் மத்தியானம் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோதுதான் கண்ணில் பட்டது. மேலே மேகம் கிழக்கே பார்த்து ஓடிக்கொண்டிருக்கிறது. முகட்டுப் பாறையில் புல் படுத்துக் கிடக்கிறது. அதற்குக் கீழே அவர் தோட்டத்தில் ஒரு இலைகூட அசையவில்லை. முருக்கு வரிசை அவ்வளவு காற்றையும் தடுத்து நிறுத்தி, அவருக்கு ஒரு துளி இல்லாமல் பார்த்துக்கொண்டது.

இத்தனை வருஷம் காற்றை வெளியே வைப்பதற்கென்றே வாழ்ந்துவிட்டு, அந்த அடைப்புக்குள்ளேயே காற்றாடியை நட்டு வைத்திருக்கிறார். வேறு ஊர்க்காரன் ஒருவன் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். அவனுக்குக் காற்று எங்கே என்று முதலில் பார்க்கத் தோன்றும். ஏலக்காரனுக்குத் தன் வீட்டில் காற்று இல்லை என்பது வீட்டுக்குக் கூரை இருக்கிறது என்பது மாதிரி. யாராவது அதைப் போய்ச் சரிபார்ப்பார்களா?

கம்பத்தை முகட்டுக்கு மாற்றலாமா என்று யூனுஸைக் கேட்டார். "அவ்வளவு தூரம் வயர்ல வந்தா கரண்டு பாதி வழியிலயே செத்துரும் மாப்ளே" என்றார் யூனுஸ். அப்படியென்றால் மரத்தில்தான் கை வைக்க வேண்டும்.

அதுவும் எப்போது? தட்டையெல்லாம் சரம் பிடித்துக் காய் திரளுகிற நேரத்தில். கன்னையன் அரிவாளோடு மரத்தில் ஏறி, கொஞ்ச நேரம் வெட்டாமல் கிளையில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு மரமும் வெட்டிய கிளைத்துண்டாக, போத்தாக ஊன்றியபோது அவர் முழங்கால் உயரம். பிறகு வெட்ட ஆரம்பித்தார். கிளைகள் விழ விழ, காற்று ஒரு முரட்டு விருந்தாளி மாதிரி உள்ளே நுழைந்தது. ஏலச்செடிகள் தலைசாய்ந்தன. மேலோரத்துத் தட்டைகள் முறிகிற சத்தம் அவர் காதில் விழுந்தது. அந்த வருஷக் காயில் நல்ல பங்கு போயிற்று என்று அவருக்குத் தெரியும். முற்றத்தில் காற்றாடி ஹோவென்று இரைச்சலோடு சுற்றிக்கொண்டிருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குள் விளக்கு எரிந்தது. ஒரு வாரம் தொடர்ந்து எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போடிக்கு இறங்கினார். வீரலட்சுமி சோறு போட்டாள். சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அடக்கி வைத்திருந்தார்.

"லைட்டு எரியுது" என்றார்.

"எந்த லைட்டு?"

"வீட்டுல. மேல. நீ கரண்டு இல்லேன்னு சொன்னேல்ல."

வீரலட்சுமி அவரையே பார்த்தாள். ஒரு வருஷத்துக்கு முந்தி, தட்டுக் கழுவுகிறபோது சொன்ன வார்த்தை. அவளுக்கு அது நினைவுக்கு வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. நினைவு வந்ததும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவர் கையைப் பார்த்தாள். பைப் சீவிய காயங்கள் ஆறியும் ஆறாமலும் இருந்தன.

"சனிக்கெழம வர்றேன்" என்றாள்.

சனிக்கிழமை ஜெகதீஷ் ஜீப்பில் வந்து இறங்கினாள். கன்னையன் ரோட்டிலேயே காத்திருந்து பையை வாங்கிக்கொண்டார். வீட்டைக் கழுவி விட்டிருந்தார். அவளுடைய பழைய முக்காலியைத் தட்டிச் சரிசெய்து விளக்குக்கு நேராகப் போட்டிருந்தார். அவள் முற்றத்தில் நின்று காற்றாடியை அண்ணாந்து பார்த்தாள். சேலையைக் காற்று இழுத்தது.

"இந்த வீட்டுல இம்புட்டுக் காத்து வந்து நான் பாத்ததில்ல. நல்லாத்தான் இருக்கு."

பொழுது சாய்ந்தது. கன்னையன் சுவிட்சைப் போட்டார். வெளிச்சம் சுவரெல்லாம் பரவியது. வீரலட்சுமி சமைத்தாள், இருவரும் சாப்பிட்டார்கள். பிறகு அவள் முக்காலியிலும் அவர் கட்டிலிலும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். காற்றாடி இரைந்துகொண்டிருந்தது. கன்னையன் எழுந்து வெளியே போய் இறக்கையைப் பார்த்துவிட்டு வந்தார். உட்கார்ந்தார். திரும்பவும் எழுந்து பேட்டரியைத் தொட்டுப் பார்த்தார்.

"நல்லா ஏறிருக்கு" என்றார். பிறகு உட்கார்ந்தார்.

அவள் காத்திருந்தாள். சுஜிதா எப்படி இருக்கிறாள் என்று கேட்பார் என்று காத்திருந்தாள். குடோனில் என்ன விசேஷம், முழங்கால் வலி தேவலையா, எதையாவது. அவருக்கும் இவற்றையெல்லாம் கேட்க ஆசைதான். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அதற்குள் இறக்கைச் சத்தம் மாறியது போலத் தோன்ற, மறுபடி எழுந்தார்.

"உக்காருங்க" என்றாள் வீரலட்சுமி.

உட்கார்ந்தார்.

"கரண்டு இல்லேன்னு நான் சொன்னது, ஏதாச்சும் சொல்லணுமேன்னு சொன்னது. நீங்க இம்புட்டு மெனக்கெடுவீகன்னு நெனைக்கல. நெனைச்சிருந்தா சொல்லிருக்க மாட்டேன்."

கன்னையன் தரையைப் பார்த்தார்.

"முன்னெல்லாம் இங்க இருட்டுல உக்காந்திருப்போம். நீங்க பேச மாட்டீக. இருட்டுனால பேசலைன்னு நானா நெனைச்சுக்கிட்டு இருந்தேன். அப்படி நெனைக்கிறது எனக்கு ஒரு ஆறுதலு. இப்ப லைட்டு எரியுது. மூஞ்சி நல்லாத் தெரியுது."

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். காலையில் எழுந்து அவருக்கு இரண்டு வேளைக்குக் குழம்பு வைத்துவிட்டு, முதல் ஜீப்பில் அவள் இறங்கிப் போனாள். ஜீப்பு வளைவில் மறைகிற வரைக்கும் அவர் ரோட்டில் நின்றார். சொல்ல வேண்டிய வார்த்தையெல்லாம் அதற்கப்புறம்தான் வரிசையாக வந்தது.

அதன்பிறகு தினமும் விளக்கைப் போட்டார். எரிவதை எதற்காக அணைப்பது? வெளிச்சத்தில் வீட்டைப் பார்த்தார். மூலையில் வீரலட்சுமி அரிசி வைத்திருந்த பானையின் தடம். சுவரில் சுஜிதா கரியால் கிறுக்கியது. முக்காலி. இருட்டில் படுத்துக் கிடந்த காலத்தில் கட்டில் அளவுதான் வீடு. இப்போது நாலு சுவரும் தெரிந்தன, நடுவில் ஒன்றும் இல்லாததும் தெரிந்தது. அடுப்போடு தனியாகக் கிடந்த காலத்தில்கூட அவருக்குத் தனிமை என்று ஒன்று தோன்றியதில்லை. இப்போது தோன்றியது.

ஒரு சாயங்காலம் முக்காலியைப் பார்த்து, "சுஜிதா எப்படி இருக்கா?" என்று கேட்டுப் பார்த்தார். அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "குடோன்ல என்ன விசேஷம்?" என்றார். யாராவது கேட்டுவிட்டார்களோ என்று வாசலைப் பார்த்தார். யாரும் இல்லை. காற்று மட்டும்.

முன்பெல்லாம் போனுக்குச் சார்ஜ் ஏற்ற போடிமெட்டு டீக்கடையில் கொடுத்துவிட்டு வர வேண்டும். இப்போது பேட்டரியிலேயே ஏறிக்கொண்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டு, கிழக்கு வாசலைத் திறந்தே போட்டுவிட்டு முற்றத்துக்கு வந்து, வீரலட்சுமியைக் கூப்பிட்டார்.

"என்னங்க, ஒடம்புக்கு எதுவும் ஆயிருச்சா?" பயந்துபோய்க் கேட்டாள். அவராகப் போன் பண்ணியதில்லை.

"இல்ல. சும்மாதான்." கொஞ்சம் நிறுத்தினார். "காத்து நல்லா அடிக்குது."

"ம். அப்புறம்?"

அப்புறம் எதுவும் வரவில்லை. முக்காலியிடம் கேட்டதெல்லாம் மறந்துவிட்டது. கீழே போடியில் ஒவ்வொரு விளக்காக எரியத் தொடங்கியிருந்தது. அவள் போனை வைத்துவிடுவாளோ என்ற பயத்தில், உள்ளே இருந்தது அப்படியே வெளியே வந்தது.

"வீடு பெருசாத் தெரியுது லெச்சுமி. லைட்டு போட்டதுலருந்து."

அந்தப் பக்கம் படி ஏறுகிற மாதிரி மூச்சு மட்டும் கேட்டது.

"மாடிக்கு வந்துட்டேன்" என்றாள் பிறகு. "மலையில மெட்டுக்குக் கீழ ஒண்ணு மட்டும் தனியா எரியுது. அது நம்மளுதா?"

கன்னையன் உள்ளே ஓடிப்போய் சுவிட்சை அணைத்துப் போட்டார். மறுபடி அணைத்துப் போட்டார்.

"இப்ப அமந்து எரிஞ்சுச்சா?"

"ஆமா."

"அப்ப நம்மளுதுதான்."

"சரி" என்றாள். "எரியட்டும். அமத்தாதீக."

வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. போனை வைத்த பிறகு கன்னையன் வெளிச்சத்தில் முக்காலிக்கு எதிரே உட்கார்ந்து, நாளைக்கு அவளிடம் என்ன பேசுவது என்று யோசிக்க ஆரம்பித்தார்.